விஞ்ஞானம் படிக்காத மகள் எழுதிய அம்மா

மேரி கியூரிக்கு இரண்டு பெண்கள். மூத்தவர் ஐரீனை எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவைப் போலவே நோபல் வாங்கியவர், கணவரோடு சேர்ந்து செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தவர். இளையவர் ஈவ் பியானோ வாசித்தார், பத்திரிகைகளில் இசை விமர்சனம் எழுதினார், உயர்ந்த குதிகால் வைத்த செருப்பு போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். அந்தச் செருப்பு அம்மாவுக்குப் பிடிக்காது. பெண்கள் பொய்க்கால் கட்டிக்கொண்டு நடக்கப் பிறந்தவர்கள் என்று என்னை நம்பவைக்க முடியாது என்று கேலி செய்வாராம். இன்றைக்கு மேரி கியூரி என்றதும் நம் மனசில் வருகிற காட்சிகளில் பெரும்பாலானவை (ஒழுகும் கொட்டகை, கொதிக்கும் கொப்பரையைக் கம்பியால் கிளறும் பெண், இருட்டில் நீலமாக ஒளிரும் குப்பிகள்) அந்தச் செருப்புக்காரி எழுதி வைத்ததால்தான் இத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தன. அம்மா இறந்து மூன்று வருஷத்தில், 1937-ல், 'மேடம் கியூரி' வெளிவந்தது. அப்போது ஈவுக்கு 32 வயது.

நான் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் டெக்னீஷியன். எனக்கு க்யூரி என்பது முதலில் ஓர் அளவாகத்தான் அறிமுகம். ஒரு கிராம் ரேடியத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 3700 கோடி அணுக்கள் சிதைகின்றன; அதுதான் ஒரு க்யூரி. எங்கள் பிராக்கிதெரபி (புற்றுக்கட்டிக்குப் பக்கத்திலேயே கதிர்மூலத்தை வைத்துத் தரும் சிகிச்சை) மெஷினுக்குள் இருக்கும் இரிடியம் சோர்ஸ் புதிதாக வந்து இறங்கும்போது 10 க்யூரி இருக்கும். அரிசி மணியைவிடச் சின்னத் துண்டு. 74 நாளில் பாதியாகிவிடும். "இன்னிக்கு சோர்ஸ் எத்தனை க்யூரி?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். ஈவின் புத்தகத்தைப் படித்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் ஒரு சங்கடம் வருகிறது. ஒருத்தியின் குடும்பப் பெயரைச் சொல்லி எடை போடுகிறோமே என்று.

புத்தகத்தின் முதல் பாதி கேள்விப்பட்டதை வைத்து எழுதியது. ஈவ் பிறந்தது 1904 டிசம்பர் 6-ல். மேரியும் கணவர் பியரும் கண்டுபிடித்த தனிமங்களான பொலோனியம், ரேடியம் இரண்டும் 1898-லேயே அறிவிக்கப்பட்டுவிட்டன. முதல் நோபல் 1903-ல் வந்துவிட்டது. ரேடியம் பிரித்தெடுத்த கொட்டகையில் அம்மா பட்ட பாட்டை மகள் பார்க்கவே இல்லை. அதனாலேயோ என்னவோ, அந்த அத்தியாயங்களில் எல்லாம் அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது. இருட்டில் கதவைத் திறந்து, விளக்கு ஏற்றாதே என்று சொல்லி, கணவன் மனைவி இருவரும் அமர்ந்து ஒளியைப் பார்க்கிற இடம் சினிமாவுக்கென்றே எழுதியது மாதிரி. 1943-ல் ஹாலிவுட் படமாகவும் எடுத்துவிட்டது. நான் அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படித்தேன்.

ஆனால் அதே பாதியில், கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு ஈவ் எழுதுகிற இடங்கள் உண்டு. மேரி எல்லாவற்றையும் குறித்து வைக்கிறவர். வீட்டுக் கணக்கு, சைக்கிள் செலவு, கம்பளிக் காலுறை விலை, எதையும் விடவில்லை. பொலோனியம் கண்டுபிடித்த 1898-ம் வருஷக் கோடையில் அவர் எழுதிய வீட்டுக் குறிப்புகளை மகள் எடுத்துக் காட்டுகிறார். எட்டு பவுண்டு பழத்துக்கு அதே எடை சர்க்கரை, பத்து நிமிஷம் கொதித்தது, சல்லடையில் வடிகட்டியது, 14 ஜாடி ஜெல்லி கிடைத்தது, நன்றாக உறைந்தது, ஆனால் தெளிவாக இல்லை. இன்னொரு குறிப்பில் குழந்தை ஐரீனுக்கு ஏழாவது பல் முளைத்திருக்கிறது, கீழ்வரிசையில் இடது பக்கம். எதையும் பிடித்துக்கொள்ளாமல் அரை நிமிஷம் நிற்கிறாள். ஆய்வகக் குறிப்பேட்டில் மின்னோட்டத்தை எழுதுகிற அதே கை, அதே நடை. எத்தனை, எவ்வளவு நேரம், என்ன கிடைத்தது, என்ன குறை. "ஆனால் தெளிவாக இல்லை" என்பதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். கண்டுபிடித்த தனிமத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த சமயத்திலும் ஜெல்லியில் இருந்த குறையை எழுதாமல் விட மனசு வரவில்லை.

மேரியின் சொந்த அம்மாவைப் பற்றி ஈவ் சொல்லுவது சின்ன இடம்தான். வார்சாவில், மேரி வெறும் மான்யாவாக இருந்த காலம். அம்மாவுக்குக் காசநோய். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று அவர் முத்தம் தருவதையே நிறுத்திவிட்டார். தனித் தட்டு, தனிப் பாத்திரம். அம்மா ஏன் தன்னைக் கட்டிக்கொள்ளவில்லை என்பது அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரியாது. 1878-ல் அம்மா இறந்தபோது மேரிக்கு 10 வயது. பிற்பாடு மேரியும் பிள்ளைகளிடம் வாய்விட்டுக் கொஞ்சுகிற அம்மாவாக இருக்கவில்லை. ஈவ் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டவில்லை. போடாமல் விட்டதுதான் எனக்குப் பிடித்தது.

பியர் கியூரி 1906 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் தெருவில், மழையில், குதிரை வண்டிச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். ஈவுக்கு அப்போது 16 மாதம். அப்பா முகம் நினைவில் இல்லை. வீட்டில் அப்பாவைப் பற்றிப் பேச்சும் இல்லை. மேரியால் அந்தப் பெயரை வாயால் சொல்ல முடியவில்லை, மகள்களிடம்கூட. இழவு வீட்டில் அழுகிறவரை நமக்குத் தெரியும், அழாமல் இறுகிப்போகிறவரையும் தெரியும். இவர் இரண்டாவது வகை. அந்த நவம்பரில் சோர்போனில் கணவரின் இடத்தில் வகுப்பெடுக்க நின்றபோது, ஊரே திரண்டு வந்து கண்ணீருக்குக் காத்திருக்க, பியர் பாடத்தை நிறுத்திய இடத்திலிருந்து அப்படியே தொடங்கினார். நன்றி இல்லை, நினைவஞ்சலி இல்லை. பிற்பாடு தெரியவந்தது என்னவென்றால், அந்த மாதங்களில் அவர் இறந்த கணவரிடம் பேசுவதுபோல ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அது பல பத்தாண்டுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் ஆய்வாளர்கள் கைக்கே கிடைக்காமல் இருந்தது. வாயில் வராதது காகிதத்தில் கொட்டியிருக்கிறது.

பெண்களை வளர்த்தது பெரும்பாலும் பியரின் அப்பா. தாத்தா 1910-ல் இறக்கும்வரை அவர்தான் வீட்டுக்குச் சிரிப்பு. மேரி தன் பங்குக்குத் திட்டம் போட்டு வளர்த்தார். தோட்டத்தில் ஊஞ்சல் கம்பி, வளையம், கயிறு கட்டி உடற்பயிற்சி, சைக்கிள், நீச்சல், இடி இடித்தால் தலையணைக்குள் முகம் புதைக்கக் கூடாது, இருட்டுக்குப் பயப்படக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடைத்து வைப்பது பிடிக்காமல், பேராசிரியர் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கூட்டுறவு வகுப்பே நடத்தினார். ஒருநாள் பெரைன் வேதியியல் எடுப்பார், ஒருநாள் லான்ஜெவன் கணிதம், ஒருநாள் மேரி இயற்பியல். அதன் பலனெல்லாம் ஐரீனுக்கு. ஈவ் அதற்குச் சின்னவர்.

ஐரீன் அந்தச் சூழலுக்கென்றே வார்த்த பிள்ளை. அமைதி, கணக்கு, பிடிவாதம். ஈவுக்கு இசை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் சாப்பாட்டு மேசையில் சமன்பாடு பேசிக்கொண்டால் மூன்றாமவள் என்ன செய்வாள்? பாரிஸின் செயிண்ட் லூயி தீவில், கெ த பெத்யூன் கரையில் அவர்களுக்குப் பெரிய வீடு. சாமான் அதிகம் இல்லாத, எதிரொலிக்கிற கூடம். அதில் இவர் மணிக்கணக்காகப் பியானோ வாசித்தார். அம்மா உதவ நினைத்தும் தன் இளமை சந்தோஷமாக இல்லை என்று ஈவ் ஒரே ஓர் இடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஏன், எப்படி என்று விளக்கம் கிடையாது. அத்தனை பக்கம் அம்மாவைக் கொண்டாடி எழுதியவர், இந்த ஒன்றை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதினார். அதற்காகவே நான் அவரை நம்புகிறேன்.

நம்பாத இடமும் இருக்கிறது. 1911.

அந்த வருஷம் ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் அகாடமி தேர்தலில் மேரி மயிரிழையில் தோற்றார். நவம்பரில் இரண்டாவது நோபல், வேதியியலுக்கு. அதே வாரத்தில் பாரிஸ் பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. பியரின் மாணவராக இருந்த இயற்பியலாளர் பால் லான்ஜெவனுக்கும் அவருக்கும் உறவு. லான்ஜெவன் மணமானவர், நான்கு பிள்ளைகளின் அப்பா, மனைவியோடு எப்போதும் சண்டை. திருட்டுப்போன கடிதங்களின் பகுதிகள் அச்சிலேயே வந்தன. குடும்பம் கலைக்க வந்த வெளிநாட்டுக்காரி என்று எழுதினார்கள். பத்திரிகை ஆசிரியரோடு லான்ஜெவன் துப்பாக்கிச் சண்டைக்கே போனார். இருவரும் சுடாமல் திரும்பினார்கள். சோ என்ற ஊரில் இருந்த மேரியின் வீட்டு வாசலில் கும்பல் கூடிக் கத்தியது. நண்பர்கள் வந்து, மேரியையும் கையைப் பிடித்திருந்த சின்ன ஈவையும் அழைத்துப் போய்த் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஸ்வீடனிலிருந்து, அந்நாட்டு அறிவியல் அகாடமி உறுப்பினரான அர்ரேனியஸ் கடிதம் எழுதினார். இந்த நிலைமையில் பரிசு வாங்க நேரில் வராமலிருப்பது நல்லது என்று. மேரி பதில் எழுதினார்: பரிசு ரேடியத்துக்கும் பொலோனியத்துக்கும் கொடுத்தது, என் சொந்த வாழ்க்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அக்கா ப்ரோனியாவையும் 14 வயது ஐரீனையும் அழைத்துக்கொண்டு ஸ்டாக்ஹோம் போய் வாங்கிக்கொண்டு வந்தார். வந்து சில வாரத்திலேயே சிறுநீரக நோயோடு படுக்கையில் விழுந்தார்.

ஈவின் புத்தகத்தில் இது எப்படி வருகிறது தெரியுமா? ஒரு கொடிய அவதூறுப் பிரசாரம் என்று வருகிறது. யாரோ பொறாமைக்காரர்கள், ஏதோ வதந்தி. லான்ஜெவன் பெயரை இந்தப் பேச்சில் எங்கும் எடுக்கவில்லை. இத்தனைக்கும் இளமைக் காதலை அவர் மறைக்கவில்லை. 18 வயது மேரி போலந்துக் கிராமத்தில் ஒரு பணக்கார வீட்டில் ஆசிரியையாக இருந்தபோது அந்த வீட்டு மூத்த பையனோடு காதல். வேலைக்காரியைக் கட்டுவதா என்று பெற்றோர் மறுத்தது. காசு வேண்டுமே என்று அதே வீட்டில் அவமானத்தை விழுங்கிக்கொண்டு தொடர்ந்து வேலை பார்த்தது. எல்லாம் விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார். அம்மா பாதிக்கப்பட்ட காதலைச் சொல்ல முடிந்தது. அம்மா ஆசைப்பட்ட காதலைச் சொல்ல முடியவில்லை.

1937-ல் லான்ஜெவன் உயிரோடு இருந்தார், அவர் மனைவி மக்களும் இருந்தார்கள், ஐரீன் இருந்தார். ஆகவே வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் புரிகிறது. கும்பல் கத்தியபோது அந்த வீட்டுக்குள் இருந்த, ஏழு வயது நிறையாத பிள்ளை அவர். அவரிடம் போய் "முழுசாகச் சொல்லு" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் விளைவு ஒன்று உண்டு. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த மேரி, ஆசையே இல்லாத, பசிக்காத, கறுப்புக் கவுன் போட்ட ஒரு தியாக தீபம். அந்தச் சிலையைச் செதுக்கியதில் ஈவுக்குப் பெரிய பங்கு. இதைவிட 40 வயதைத் தாண்டிக் காதலித்து, ஊர் கல்லெறிந்தபோது தலை நிமிர்ந்து பரிசு வாங்கப் போன பெண்ணை நமக்குக் காட்டியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. (வாழ்க்கை வேறு மாதிரி பதில் சொல்லிவிட்டது. ஐரீனின் மகள் எலன், லான்ஜெவனின் பேரன் மிஷேலைக் கல்யாணம் செய்துகொண்டார். கதையில் எழுதினால் நம்பமாட்டோம்.)

1914 வந்ததும் புத்தகம் என் வேலைக்குள் நுழைந்துவிட்டது. போர் தொடங்கியதும் மேரி செய்த காரியங்களில் ஒன்று, பிரான்சிடம் இருந்த ஒரு கிராம் ரேடியத்தை ஈயப் பெட்டியில் போட்டு ரயிலேறி போர்தோவில் பத்திரப்படுத்திவிட்டுத் திரும்பியது. இன்னொன்று எக்ஸ்ரே. போர்முனையில் குண்டடி பட்டவனின் உடலுக்குள் உலோகத் துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே அறுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கார்களைப் பிச்சையாகக் கேட்டு வாங்கினார். காரில் எக்ஸ்ரே குழாய், என்ஜினோடு இணைத்த டைனமோ, இருட்டறைக்குத் திரை. 20 கார்கள், 200 நிலையான எக்ஸ்ரே அறைகள். அவற்றில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் படம் பார்த்தார்கள். தானே கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் எடுத்தார். ஐரீனுக்கு 17 வயது, அவரும் கூடவே. இயக்க ஆள் போதவில்லை என்று சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார். எக்ஸ்ரே டெக்னீஷியன் என்று இன்று அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நடக்கிற எங்களுக்கெல்லாம் அவர்கள் மூத்த பேட்ச்.

அந்தப் பெண்களிடம் என்ன பாதுகாப்பு இருந்தது? படிக்கும்போது என் கை தானாகச் சட்டையில் இருக்கும், என் மேல் பட்ட கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜுக்குப் போனது. எங்களுக்கு உடம்பு முழுமைக்கும் ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவெர்ட் (உடம்பில் படும் கதிருக்கான அளவு) வரம்பு. சுவர் தடிமன், கதவு இன்டர்லாக், ஈய ஏப்ரன், எல்லாவற்றுக்கும் கணக்கு. இரிடியத்தை நாங்கள் கையால் தொடுவதே இல்லை. அறைக்கு வெளியே உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் குழாய் வழியாகப் போய் வரும். அவர்கள் கதிர் ஓடுகிற குழாயின் பக்கத்திலேயே, நாள் முழுக்க, மாதக்கணக்காக நின்றார்கள். ஐரீன் 1956-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது 58 வயது.

1921-ல் அமெரிக்கப் பயணம். மிஸ்ஸி மெலோனி என்ற பத்திரிகையாளர் அமெரிக்கப் பெண்களிடம் 1 லட்சம் டாலர் திரட்டி, ஒரு கிராம் ரேடியம் வாங்கிக் கொடுத்தார். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஹார்டிங் கையால் தரும் விழா. முதல் நாள் மாலை நன்கொடைப் பத்திரத்தை வாசித்துப் பார்த்த மேரி திருத்தச் சொன்னார். தன் பெயரில் இருந்தால், தான் இறந்த பிறகு அது மகள்களின் சொத்தாகிவிடும். ஆய்வகத்துக்கு என்று எழுதுங்கள் என்றார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இப்போதே, இன்று ராத்திரி நான் செத்துப்போனால்? அந்த நேரத்தில் வக்கீலைத் தேடிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். தனக்கு வரவேண்டிய 1 லட்சம் டாலரை அம்மா எப்படி ஒரே இரவில் இல்லாமல் செய்தார் என்பதை மகள் எழுதுகிறார், சந்தோஷமாக எழுதுகிறார்! 16 வயது ஈவும் அந்தப் பயணத்தில் இருந்தார். கைகுலுக்கிக் குலுக்கி அம்மாவின் கை வீங்கித் தொட்டில் கட்டிய பிறகு, விழாக்களில் பட்டங்களை அம்மாவுக்குப் பதிலாக வாங்கி வந்தவர்கள் இந்தப் பெண்கள்தான். பத்திரிகைகள் ஈவுக்கு 'ரேடியக் கண்ணழகி' என்று பெயர் வைத்துவிட்டன.

இந்த இடத்திலிருந்து ஈவின் எழுத்து மாறுகிறது. கேள்விப்பட்டதை விட்டுப் பார்த்ததை எழுதுகிறார். அக்கா கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அம்மாவும் இவரும் மட்டும். அதற்கு முன்பிருந்தே அம்மாவின் கண் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. வெளியில் தெரிந்தால் வேலையிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள் என்று மேரி மறைத்தார். ஆஸ்பத்திரியில் 'மேடம் காரே' என்று பொய்ப் பெயரில் சேர்ந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கூட இருந்தவர் ஈவ். வகுப்புக் குறிப்புகளைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். கருவிகளின் முகப்பில் கலர் அடையாளம் ஒட்டிக்கொண்டார். ஆய்வில் மெல்லிய கோடுகள் பதிந்த புகைப்படத் தட்டை மாணவர் கொண்டுவந்து காட்டினால், சாமர்த்தியமாக நாலு கேள்வி கேட்டு, அவர்கள் பதிலை வைத்தே அதில் என்ன கோடு தெரிகிறது என்று மனசுக்குள் படம் வரைந்துகொள்வார். பிறகுதான் தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். மாணவர்களுக்கும் விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள்.

விஞ்ஞானியான மகள் இதை எழுதியிருப்பாளா என்று யோசித்தேன். ஐரீனுக்கு அம்மா ஆய்வகத்தில் சக ஊழியர். தட்டில் என்ன கோடு என்பதுதான் பேச்சு. தட்டைப் பிடித்திருந்த அம்மாவின் தந்திரத்தைப் பார்க்க, கோட்டில் ஆர்வமில்லாத ஒரு ஆள் பக்கத்தில் தேவைப்பட்டது.

கண்ணுக்கும் கதிருக்கும் உள்ள கணக்கை நாங்களே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். கண்வில்லைக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவெர்ட் வரை பரவாயில்லை என்றுதான் நீண்ட காலம் இருந்தது. 2011-ல்தான் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அதைச் சராசரி 20-க்கு இறக்கியது. மேரி தன் ஆய்வகத்தில் மற்றவர்களுக்கு ஒழுங்காக விதி போட்டிருந்தார்: குழாயை இடுக்கியால் எடு, ஈயத்துக்குப் பின்னால் நில், தவறாமல் ரத்தம் பரிசோதித்துக்கொள். தனக்கு மட்டும் எதுவும் கிடையாது. இந்த ஜாதியை எல்லா ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். ஜூனியர்களை ஏப்ரன் போடச் சொல்லி விரட்டிவிட்டுத் தான் போடாமல் உள்ளே போகிறவர்கள்.

1934 மே மாதம் காய்ச்சலோடு ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. பழைய நுரையீரல் தழும்பைப் பார்த்துக் காசநோய் என்று சந்தேகப்பட்டு, ஆல்ப்ஸ் மலையில் சான்செல்மோஸ் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். ரயிலில் ஈவின் கையில் மயங்கி விழுந்தார். அங்கே போய் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். ரத்த அணுக்கள்தான் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தன. எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்திவிட்டது. ஜூலை 3-ந் தேதி, நடுங்குகிற கையில் தர்மாமீட்டரைப் பிடித்துத் தானே பார்த்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. முகத்தில் சந்தோஷம், மருந்தில்லை, மலைக்காற்றுதான் குணமாக்கியது என்றார். முடிவுக்கு முன்னால் வருகிற இறக்கம் அது என்பது மகளுக்குத் தெரியும், சொல்லவில்லை. பிறகு நினைவு தப்பியபோது யார் பெயரையும் கூப்பிடவில்லை. தேநீர்க் கோப்பையில் கரண்டியை ஆய்வகக் கம்பி மாதிரி கலக்கிக்கொண்டே, இது ரேடியத்தில் செய்ததா, மீசோதோரியத்தில் (இன்னொரு கதிரியக்கப் பொருள்) செய்ததா என்று கேட்டார். அடுத்த நாள் விடியலில் இறந்தார். 66 வயது. கரடுதட்டிக் கருகிய அந்த விரல்கள் எப்போதும் செய்கிற அசைவை நிறுத்திவிட்டன என்று ஈவ் குறித்து வைக்கிறார். விரல் நுனி கருகுவது என்றால் என்ன என்று படித்திருக்கிறேன். ஒரு மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதி இங்கேதான் படித்தேன்.

ரேடியத்தைக் கண்டுபிடித்தவரை ரேடியமே கொன்றது என்றுதான் ஈவ் காலத்திலிருந்து எல்லாரும் சொல்லிவருகிறோம். வசீகரமான வாக்கியம். ஆனால் 1995-ல் மேரியின் உடலை, பிரான்சின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்யும் பாரிஸ் பாந்தியோனுக்கு மாற்றத் தோண்டியபோது, உள்ளே ஈயத் தகடு பொதிந்த சவப்பெட்டியை பிரெஞ்சுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம் அளந்து பார்த்தது. உடலில் தங்கிய ரேடியம் எதிர்பார்த்த அளவு இல்லை. ரேடியத்தின் அரையாயுள் 1600 வருஷம். இருந்திருந்தால் 60 வருஷத்தில் எங்கும் போயிருக்காது. ஆகவே அவரைப் பாதித்தது பெரும்பாலும் போர்க்காலத்து எக்ஸ்ரேயாக இருக்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். கொட்டகை, நீல ஒளி என்று மகள் மயங்கி மயங்கி எழுதிய இடத்தைவிட, சேற்றில் கார் ஓட்டிப் போய் ராணுவ ஆஸ்பத்திரியில் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற இடம்தான் ஆபத்தாக இருந்திருக்கிறது. எங்கள் பிரிவில் இதைச் சொன்னபோது எக்ஸ்ரே பக்கம் வேலை பார்க்கிற தம்பி ஒன்றும் பேசாமல் போய் ஏப்ரனில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

ஈவ் விஞ்ஞானத்தின் பக்கமே போகவில்லை. புத்தகத்துக்கு அமெரிக்காவில் தேசிய நூல் பரிசு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் செய்தியாளராக ஆப்பிரிக்கா, ரஷ்யா, சீனா என்று சுற்றினார்; 1942-ல் இந்தியாவுக்கும் வந்து காந்தி, நேரு, ஜின்னா மூவரையும் சந்தித்தார். பின்னாளில் அவர் கணவர் ஹென்றி லாபுயிஸ் யுனிசெஃப் தலைவர். 1965-ல் யுனிசெஃபுக்கு அமைதி நோபல் வந்தபோது ஆஸ்லோவில் வாங்கிக்கொண்டவர் அவர்தான். அம்மாவுக்கு இரண்டு, அப்பாவுக்கு, அக்காவுக்கு, அத்தானுக்கு, கடைசியில் கணவர் கையிலும் ஒன்று. குடும்பத்துக்கே நான்தான் அவமானம் என்று ஈவ் ஜோக் அடிப்பாராம். 2007-ல் நியூயார்க்கில் இறந்தபோது 102 வயது.

என் மகள் வணிகவியல் படிக்கிறாள். என் வேலையைப் பற்றி அவளுக்கு இருக்கிற ஒரே ஆர்வம், டியூட்டி எத்தனை மணிக்கு முடியும் என்பது. இருக்கட்டும்.

'மேடம் கியூரி' படிக்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை: முதலிலிருந்து தொடங்காதீர்கள். கொட்டகைக் கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். போர்க்கால அத்தியாயத்தில் நுழைந்து, அமெரிக்கா, கண் நோய், சான்செல்மோஸ் வரை போய்விட்டு, அப்புறம் வார்சாவுக்குத் திரும்புங்கள். 1911-க்கு மட்டும் பிற்காலத்தில் அந்தக் கடிதங்களையும் நாட்குறிப்பையும் பார்த்து எழுதிய வாழ்க்கை வரலாறு ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஈவ் எந்தப் பக்கத்தில் பேனாவை நிறுத்தி யோசித்திருப்பார் என்று தெரியும்.